மெதுவான கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இருந்த வீட்டுக் கணினி நான்கைந்து வருடங்களில் தவழ ஆரம்பித்துவிட்டால், நம் வீடுகளில் மூன்று தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும். ‘வயசாயிடுச்சு’ என்பது ஒன்று. ‘வைரஸ் புகுந்துடுச்சு’ என்பது இன்னொன்று. ‘ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்’ என்பது மூன்றாவது. எதையும் அளந்து பார்க்காமல் சொல்லிவிடக்கூடியவை என்பதுதான் இவை மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை. காய்ச்சல் என்று வந்தவருக்கு வெப்பமானி வைத்துப் பார்க்காத மருத்துவரை நாம் நம்புவதில்லை. ஆனால் தன் வேகம், சுமை, வெப்பநிலை எல்லாவற்றையும் நொடிக்கு நொடி தானே பதிவு செய்துகொண்டிருக்கும் ஓர் இயந்திரத்துக்கு ஜோசியம் பார்த்தே வைத்தியம் செய்கிறோம். கணினி மெதுவாவது முதுமையால் அல்ல. அதன் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்காகக் காத்திருக்கிறது, அல்லது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளின் கதை இந்த இரண்டில் அடங்கிவிடும். எது என்பதை நான்கு எண்களைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குமுன், ‘வயது’ என்ற தீர்ப்பு ஏன் செல்லாது என்று பார்த்துவிடுவோம்.

கணினியின் எல்லா வேலைகளுக்கும் தாளம் போடுவது மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். அதன் அதிர்வெண்ணைப் பெருக்கித்தான் பிராசசர் தன் கிகாஹெர்ட்ஸ் வேகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இந்தப் படிகமும் காலப்போக்கில் மாறும்தான். ஆனால் அந்த மாற்றம் வருடத்துக்குப் பத்து லட்சத்தில் ஒருசில பங்கு. பத்து வருடம் ஆனாலும் எந்த மனிதக் கண்ணுக்கும் தெரியாத அளவு. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களும் தேய்வதுண்டு. ஆனால் அவை தேயும்போது நடப்பது வேறு. 2024இல் இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உள்ளுக்குள் முதுமையடைந்தன. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருத்தங்களை வெளியிட்டு, வாரன்டியை மேலும் இரண்டு வருடங்கள் நீட்டித்தது. உண்மையாகவே மூப்படைந்த அந்தச் சில்லுகள் என்ன செய்தன? மெதுவாக ஓடவில்லை. விளையாட்டுகள் பாதியில் விழுந்தன, கணினி நீலத்திரை காட்டி நின்றது. சிலிக்கான் மூப்படைந்தால் தவறு செய்யும், தடுமாறி நிற்கும். நிதானமாக நடக்காது. ஆகவே உங்கள் கணினி தவறில்லாமல், ஆனால் ஆமை வேகத்தில் வேலை செய்கிறது என்றால், அதன் பிராசசர் பழுதில்லாமல் இருக்கிறது என்பதற்கே அது சாட்சி.

பழுதில்லாத பிராசசர் ஏன் மெதுவாக வேண்டும்? இதற்கான விடையை உலகத்துக்குக் கண்ணால் காட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. 2001 செப்டம்பரில் ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ என்ற தொழில்நுட்பத் தளம் அதைச் செய்தது. கணினியில் ‘குவேக் 3’ விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிராசசரின் மேலிருந்த ஹீட் சிங்க்கைக் கையால் கழற்றிவிட்டார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் சில்லுகள் சில நொடிகளில் புகைந்து செத்தன. இன்டெல்லின் பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 மட்டும் நிற்கவேயில்லை. விளையாட்டு படம் படமாக நகரும் அளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அன்று பென்டியம் 4 செய்ததைத்தான் இன்று எல்லாப் பிராசசர்களும் செய்கின்றன. உள்ளே பதிக்கப்பட்ட உணரிகள் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான இன்டெல் சில்லுகளுக்கு 100 டிகிரி செல்சியஸ், ஏ.எம்.டி. ரைசன் வகைகள் பலவற்றுக்கு 95 டிகிரி என்ற எல்லையைத் தொட்டதும், சில்லு தன் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. விசிறி மட்டும் இரையும். பயன்படுத்துபவருக்குத் தெரிவதெல்லாம் ‘மெதுவாகிவிட்டது’ என்பதுதான். பொறியியலாளர்கள் செய்த நல்ல காரியம் இது. ஆனால் செய்ததைச் சொல்லாமல் மறைத்தது அவ்வளவு நல்ல காரியமல்ல என்பது என் எண்ணம். 2001இன் அத்லான் செத்துப்போனபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. இன்றைய சில்லுகள் வருடக்கணக்கில் 100 டிகிரியில் முனகிக்கொண்டிருந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கணினி ஒரு இயந்திரமே என்றாலும் அது எடையைத் தூக்குவதில்லை, நீரை இறைப்பதில்லை. பிராசசருக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளியே வந்தாக வேண்டும். டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடச் செலவாகும் மின்சாரம், துடிப்பின் வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கக் குறைக்க மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம், அதனால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும் என்று 1974இல் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டினார்கள். முப்பது வருடங்கள் இந்த விதி கை கொடுத்தது. பிறகு, சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர்கள் மூடியிருக்கும்போதும் மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பித்தன. சூடு ஏறினால் கசிவு கூடும், கசிவு கூடினால் சூடு ஏறும். 2004இல் வந்த ‘பிரெஸ்காட்’ வகை பென்டியம் 4, சுமார் 1.1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய நூறு வாட் வெப்பத்தைக் கக்கியது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி தன் வெப்பத்தை இருநூறு சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தட்டில் பரப்பித்தான் துணியைச் சூடாக்குகிறது. பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால் அந்தச் சில்லு பதினைந்து மடங்குக்கும் மேல் உக்கிரம். அதற்கு அடுத்து வரவிருந்த ‘டேஜாஸ்’ என்ற சில்லை அதே வருடம் மே மாதம் இன்டெல் கைவிட்டது. கிகாஹெர்ட்ஸ் பந்தயம் அங்கே ஓய்ந்து, ஒன்றுக்கு இரண்டாக, நான்காகக் கோர்களைச் சேர்க்கும் காலம் தொடங்கியது.

இப்போது இந்த இயற்பியலை நம் வீட்டு அறைக்குக் கொண்டுவருவோம். கணினியின் குளிர்விப்பு அமைப்பு குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே ஒரு குறிப்பிட்ட சுமையில், சில்லின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு ஏறக்குறைய மாறாத ஒரு வித்தியாசத்தைக் கூட்டினால் வருவது. ஒரு லேப்டாப் முழுச் சுமையில் அறையைவிட 60 டிகிரி அதிகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் வைக்கப்பட்ட ஏ.சி. அறையில் சில்லு 85இல் நிற்கும். மிச்சம் 15 டிகிரி இருக்கிறது, முழு வேகம் கிடைக்கும். அக்னி நட்சத்திரத்தின்போது ஓட்டு வீட்டு மாடி அறையோ கான்கிரீட் தளத்துக்குக் கீழுள்ள அறையோ 40 டிகிரியைத் தொடும். அதே லேப்டாப், அதே வேலை, இப்போது சில்லு சரியாக 100இல் நிற்கிறது. வேகம் குறையத் தொடங்கும் கோடு அது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் மெதுவாகும் கணினி டிசம்பரில் தானாகத் தேறிக்கொள்வதில் மர்மம் எதுவும் இல்லை. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனதும் ‘இங்க நல்லாத்தானே ஓடுது சார்’ என்று பதில் வருவதும் இதனால்தான். அங்கிருப்பவர் பொய் சொல்லவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு வெப்பநிலையில் சோதித்திருக்கிறீர்கள். பழுதை வீட்டில், மெதுவாகும் நேரத்தில் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அந்த 60 டிகிரி வித்தியாசமும் காலப்போக்கில் வளரும். உண்மையில் வயதாவது இதுதான். லேப்டாப்புக்குள் விசிறி ஊதும் காற்று, ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளியுள்ள மெல்லிய உலோகத் தகடுகளின் வழியாக வெளியேறுகிறது. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி, முடி, துணிப் பிசிறு எல்லாம் படிந்து, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்து, கம்பளித் துண்டு போல ஒரு படலம் உருவாகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துணியால் மேலே துடைப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இதோடு சில்லுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் வருடங்கள் போகப்போகக் காய்ந்து, ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும். அது விட்டுச்செல்லும் இடத்தில் காற்று நுழைகிறது. செம்பு காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தலைமுடி அளவு காற்று இடைவெளியும் பெரிய மதில்தான். இரண்டும் சேர்ந்து அந்த 60 டிகிரியை 75 ஆக்கிவிட்டால், ஏ.சி. அறையில்கூட சில்லு 100ஐத் தொட்டுவிடும். பின்பக்க மூடியைக் கழற்றி, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதித் தூசியை எடுத்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு புது லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. விசிறியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது, அது தறிகெட்டுச் சுற்றினால் தாங்கிகள் கெடும், மோட்டாரே டைனமோ போல மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பவும் கூடும் என்பதால்.

மெத்தையிலோ மடியில் தலையணை மீதோ வைத்துப் பயன்படுத்தாதீர்கள் என்ற அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றை உறிஞ்சும் துளைகள் அடியில் இருப்பதால் அது சரி. பின்புறத்தை இரண்டு புத்தகங்களால் சற்று உயர்த்தி வைத்தாலே, விலை கொடுத்து வாங்கும் கூலிங் பேடு செய்யும் வேலையில் பெரும்பங்கு நடந்துவிடும். உள்ளே தகடுகள் அடைத்திருக்கும்போது எந்தப் பேடும் உதவாது. பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, பிராசசரின் உச்ச வேகத்தை நாமே கொஞ்சம் குறைத்துக்கொள்வது. விண்டோஸின் பவர் அமைப்புகளில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99ஆக மாற்றினால், பெரும்பாலான கணினிகளில் ‘டர்போ’ எனப்படும் கூடுதல் வேகம் நின்றுவிடும். வேகத்தைக் குறைப்பது மெதுவான கணினிக்கு மருந்தா என்று கேட்பது நியாயம்தான். கணக்கைப் பாருங்கள். வேகம் 20 சதவீதம் குறைந்து, அதனால் மின்னழுத்தத்தையும் 15 சதவீதம் குறைக்க முடிந்தால், வெப்பம் 40 சதவீதத்துக்கு மேல் விழும். உச்சியில் இருக்கும் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மிக அதிகமாகச் சுடுபவை. ஆவணம் தட்டச்சு செய்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் அந்த வேகம் போனது தெரியாது. விசிறி அடங்கியது தெரியும். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இது பொருந்தாது. அவர் தூசியைத்தான் எடுக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியே பேசிவிட்டோம். ஆனால் பல வீடுகளில் கணினி சில்லென்று இருக்கும்போதும் தவழ்கிறது. அங்கே காத்திருப்பு ஹார்ட் டிஸ்க்கின் வாசலில். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஒரு தட்டு, ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவினாடி ஆகும். வேண்டிய தகவல் ஊசிக்கடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு மில்லிவினாடி போல. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு சிறு துணுக்கை எடுக்கப் பன்னிரண்டு மில்லிவினாடி. நமக்கு இது கண்ணிமைப்பதைவிடக் குறைவு. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு 3.6 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று நீட்டிப் பார்த்தால், அது ஒரு வருடத்துக்கும் மேல் வாசலில் நின்றிருக்கும். இந்த வேகத்தில் டிஸ்க்கால் நொடிக்கு எண்பது துணுக்குகளைத்தான் எடுத்துத் தர முடியும். துணுக்கு ஒன்றுக்கு 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 320 கிலோபைட். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க் 100%’ என்று சிவந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ‘0.4 எம்.பி.’ என்று ஏதோ ஓர் அற்ப எண் தெரிவது பலரையும் குழப்புகிறது. இந்தக் கணக்கு தெரிந்தால் குழப்பம் இல்லை. டிஸ்க் சோம்பலாக இல்லை, தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. இதே துணுக்கை ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துவிடும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க் கொண்டவை இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஓர் எஸ்.எஸ்.டி. போட்டுப் பார்க்காமல் ‘வேலைக்கு ஆகாது’ என்று சொல்வது அவசரம்.

‘ஃபார்மட் அடித்ததும் வேகமாகிவிட்டதே, அது கண்கூடாகத் தெரிந்ததே’ என்ற வாதத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. ஆம், வேகமாகும். பொத்தானை அழுத்தியதும் தானாகக் கிளம்பும் நிரல்கள் குறைந்துவிடுகின்றன, கோப்புகள் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன, டிஸ்க் எடுக்க வேண்டிய துணுக்குகளின் எண்ணிக்கை இறங்குகிறது. நோய் போகவில்லை, வேலைப்பளு இறங்கியிருக்கிறது. பிரின்டர் மென்பொருள், மூன்று விதமான அப்டேட்டர்கள், வாட்ஸ்அப், ஏதோ ஒரு கேம் லாஞ்சர் என்று சில மாதங்களில் எல்லாம் திரும்பி வந்ததும் பழைய கதைதான். ரேம் போதாதபோதும் பழி டிஸ்க்கின் தலையில் விழும். குரோம் 2008இல் வந்தபோதே, ஒரு பக்கம் விழுந்தால் மற்றவை பிழைக்கட்டும் என்று தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து வைத்தது. பாதுகாப்புக்கு நல்லது, ரேமுக்குப் பெரும் பசி. 4 ஜிபி ரேமில் இருபது தாவல்களைத் திறந்தால், இடம் போதாமல் கணினி அவற்றை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதும். அப்போது நாம் பார்ப்பது மீண்டும் அதே ‘டிஸ்க் 100%’.

வைரஸ் சந்தேகத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 2017 முதல் 2019 வரை இயங்கிய ‘காயின்ஹைவ்’ என்ற நிரல் இணையப் பக்கங்களில் ஒளிந்திருந்து, பார்வையாளரின் கணினியைக் கொண்டே மொனேரோ என்ற மறையீட்டு நாணயத்தைத் தோண்டியது. பாதிக்கப்பட்ட கணினி மெதுவாகவும் ஓடியது, கொதிக்கவும் செய்தது. ஆனால் இதுவும் அளவிடக்கூடியதே. நீங்கள் எதுவும் செய்யாதபோது பிராசசரின் சுமை உச்சத்தில் இருந்தால், யார் அதைத் தின்கிறார்கள் என்பதை டாஸ்க் மேனேஜரின் பட்டியலே காட்டும். அளக்காமல் வைரஸ் என்று சொல்வதில் ஒரு வியாபாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆபிஸ் டிப்போ என்ற பெரிய கடைக்குழுமம், வாடிக்கையாளரின் கணினியை இலவசமாகப் பரிசோதிப்பதாகச் சொல்லி ஒரு மென்பொருளை ஓட்டியது. ‘மெதுவாக ஓடுகிறதா’ என்பது போன்ற நான்கு கேள்விகள் முதலில் வரும். அவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறியிட்டாலே போதும், உள்ளே என்ன இருந்தாலும் தீங்கு நிரலின் அறிகுறிகள் இருப்பதாக முடிவு வரும். அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2019 மார்ச்சில் அந்த நிறுவனம் 2.5 கோடி டாலரும், மென்பொருளைத் தந்த நிறுவனம் 1 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. ‘ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகமாக்குகிறோம்’ என்று வரும் நிரல்களும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். அப்படிப்பட்ட கருவிகளுக்குத் தன் ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பிராசசரின் சுமை, அதன் தற்போதைய கிகாஹெர்ட்ஸ், டிஸ்க்கின் பரபரப்பு மூன்றும் அங்கே உண்டு. பிராசசரின் வெப்பநிலையைக் காட்டாதது அதன் பெரிய குறை. அதற்கு எச்.டபிள்யூ.இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவசக் கருவிகள் தேவை. கணினி மெதுவாகும் அந்தக் கணத்தில் நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுமை அதிகம், வெப்பநிலை 95க்கு மேல், கிகாஹெர்ட்ஸ் மட்டும் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழுந்திருக்கிறது என்றால் வெப்பம்தான் குற்றவாளி. பிராசசர் சும்மா இருந்து டிஸ்க் 100இல் நின்றால் டிஸ்க்கோ ரேமோ. வெப்பநிலையும் சாதாரணம், டிஸ்க்கும் சாதாரணம், வேலை கொடுத்தும் வேகம் மட்டும் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே ஆணி அடித்தாற்போல் நிற்கிறதா? சார்ஜரைப் பாருங்கள். தன் நிறுவனத்தின் சார்ஜர் அல்ல என்றோ வாட் போதவில்லை என்றோ கண்டுகொண்டால் சில லேப்டாப்கள் பிராசசரைக் கட்டிப்போட்டுவிடும். இந்த மூன்றாம் வகைக் கோளாறில்தான் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஏனென்றால் ஃபார்மட் அடித்தாலும் அது போகாது, எஸ்.எஸ்.டி. போட்டாலும் போகாது, கடைசியில் மதர்போர்டு போச்சு என்று முடிவு கட்டப்படும்.

மெதுவாவது வேறு, திடீரென்று விழுந்து நிற்பது வேறு. முதலாவதில் பொறுமையாக அளக்கலாம், இரண்டாவதில் அவகாசம் குறைவு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் சாதாரணப் பயனாளர்களின் கணினிகள் அனுப்பிய பழுதுக் குறிப்புகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வன்பொருள் பிழையால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடியும் விழும் வாய்ப்பு நூறு மடங்குவரை கூடுவதாகத் தெரியவந்தது. ‘ஏதோ ஒரு தடவை அப்படி ஆச்சு’ என்று விட்டுவிடுவது இங்கே எடுபடாது. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் சொன்னதும் இதே திசையில்தான். தட்டைத் தானே சோதிக்கும்போது முதல் பிழையைக் கண்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அந்தப் பிழை தெரிந்த அன்றே புகைப்படங்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட வேண்டும். அதே ஆய்வு, வெப்பத்தையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கும் என்போன்றோருக்கும் ஒரு குட்டு வைத்தது. டிஸ்க் சூடாக இருப்பதற்கும் அது சாவதற்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை. வெப்பம் உறுதியாகக் கொல்லும் பாகம் வேறு ஒன்று. பவர் சப்ளையிலும் மதர்போர்டிலும் நிற்கும் மின்பகு திரவக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகும். தலை உப்பியிருந்தால் அது முடிந்தது என்று அர்த்தம். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகும் நம்மூர் மெக்கானிக்கின் வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டாம். தொடுமுனையில் படிந்த அழுக்கு போவதும், மறுபடி செருகும்போது பிடிமானம் சரியாவதும் உண்மை. கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போய், வங்கித் தளங்கள் பாதுகாப்பில்லை என்று மறுத்தால், அதுவும் வைரஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வன்பொருள் அப்படியே இருந்தாலும் மென்பொருள் வருடாவருடம் கனத்துக்கொண்டே போகிறதே, அதுவும் முதுமைதானே? இதில் உண்மை நிறைய உண்டு. 2018 ஜனவரியில் வெளியான ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்ற பிராசசர் ஓட்டைகளை அடைத்த திருத்தங்கள் சில பழைய கணினிகளின் வேகத்தில் ஒரு பங்கை நிரந்தரமாக எடுத்துக்கொண்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 பல பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. ஆனால் பாதுகாப்புக்காக மாற்றுவதும் வேகத்துக்காக மாற்றுவதும் வேறு வேறு முடிவுகள், இரண்டையும் ஒன்றாக்கி விற்பது கடைக்காரருக்குத்தான் சௌகரியம். லினக்ஸ் போட்டால் பழைய இயந்திரம் பாதுகாப்போடு இன்னும் சில வருடங்கள் ஓடும். பழைய பயன்பாடுகளைக் கைவிட முடியாதவருக்கு அது வழியல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையிலேயே கைவிட வேண்டிய கணினி எது என்றால், காத்திருப்புக்குக் காரணமான பாகத்தை மாற்ற முடியாதது. மெல்லிய, மலிவான லேப்டாப்கள் பலவற்றில் 4 ஜிபி ரேமும், இ.எம்.எம்.சி. என்ற வேகம் குறைந்த சேமிப்பகமும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே தூசி தட்டியும் பயனில்லை, எஸ்.எஸ்.டி. செருகவும் இடமில்லை. அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடையில் பிராசசரின் பெயரைக் கேட்பதற்குமுன், ரேமுக்குக் காலி ஸ்லாட் இருக்கிறதா, சேமிப்பகத்தைக் கழற்ற முடியுமா, பின்மூடியைத் திறந்து விசிறியைச் சுத்தம் செய்தால் வாரன்டி போய்விடுமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளலாம்.